நம் முன்னோர் வந்த வழி

(உறவின்முறை ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மகாசபையிலே கல்வியைப் பற்றியும் வர்த்தகத்தைப் பற்றியும் பேசுவதற்கு நம்மினும் வல்லவர் பலர் இருக்கின்றனர். ஆகவே அவற்றை அவர்களுக்கே விடுத்து, நம் மனத்தைச் சில காலமாக வருத்திவரும் ஒரு விஷயத்தை உங்கள் முன் வைக்கத் துணிந்தோம். நம் முன்னோர் யார், அவர் எந்த ஊரினின்று புறப்பட்டு இவ்வூர்களுக்கு வந்தனர் என்பதை ஆதாரத்தோடு அறிவது எப்படி என்பதே அவ்விஷயம்.

சென்ற ஆண்டு எம் இல்லத்துச் சிறுமி ஒருத்தி பள்ளிப் பாடத்தின் பொருட்டு எம்மை நோக்கி, "நம் வீட்டார் எந்த ஊரிலிருந்து விருதுநகருக்கு வந்தார்கள்?" என்று கேட்டாள். "திருநெல்வேலிச் சீமையிலிருந்து" என்று பெருமிதமாக விடை பகர்ந்தோம். "அங்கே எந்த ஊர்? முதலில் வந்தவர் பெயர் என்ன?" என்றாள். பாட்டனார் பெயர் தெரியும். அவர் தந்தையின் பெயர் தெரியும். அதற்கு மேலே இருள். வாயடைத்து நின்றோம். கடைக் கணக்கில் ஓரணா குறைந்தாலும் விளக்கை வைத்துக்கொண்டு விடியுமளவும் தேடுகின்ற குடும்பத்திலே, குலத்தின் கணக்கு இவ்விதம் விடுபட்டிருப்பது எத்துணை வெட்கம்!

சமூகத்தின் பொது வரலாறு நாம் அனைவரும் அறிந்ததே. திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியிலே, செம்மணற்றேரிகளுக்கும் பனங்காடுகளுக்கும் நடுவே வாழ்ந்தவருள் ஒரு பகுதியினர் கருப்பட்டி, உப்பு, கருவாடு முதலிய சரக்குகளை மாட்டின்மேலும் வண்டியிலும் ஏற்றி வடக்கே வந்தனர். 1801-இல் பாளையக்காரர் போர்கள் முடிவுற்ற பின்பு வழிப்பயணம் முன்னிலும் அச்சம் நீங்கியதாயிற்று. வழியிலே சரக்குக்கும் மாட்டுக்கும் காவலாகச் சுற்றுச்சுவரும் கிணறும் அமைந்த பேட்டைகள் எழுந்தன. பேட்டையின் செலவுக்காகச் சரக்கின்மேல் வாங்கிய சிறு தொகையே மகமை. இவ்வாறு சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்னும் ஆறூர்களிலே நம்மவர் நிலைகொண்டனர். 1889-இல் விருதுபட்டியிலே க்ஷத்திரிய வித்தியாசாலை தோன்றியதும் இம்மகமையின் பயனே.

ஆனால் இது கூட்டத்தின் கதை. இதனுள்ளே உம் வீட்டார் எவர், எம் வீட்டார் எவர் என்பதைப் பொது வரலாறு சொல்லாது. அதற்கு வேறு தேட்டம் வேண்டும்.

பிறநாட்டார் இதனை எவ்விதம் செய்கின்றனர் என்று சிறிது நோக்குவோம். 19-ஆம் நூற்றாண்டிலே ஜெர்மானியர் பல லட்சம் பேர் கப்பலேறி அமெரிக்காவில் குடியேறினர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று மூதாதையரைத் தேடுகின்றனர். அவர்களுக்கும் நமக்கு நேர்ந்த இடர்ப்பாடே நேர்கின்றது. அமெரிக்கப் பத்திரங்களிலே பெரும்பாலும் "பிரஷியா" என்றோ "பவேரியா" என்றோ மாத்திரம் எழுதப்பட்டிருக்கும். பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைக் குறித்த தேவாலய ஏடுகளோ ஊர்தோறும் தனித்தனியே இருப்பன. கிராமத்தின் பெயர் தெரியாதவன் எந்த ஏட்டைத் திறப்பான்? இவ்விடத்திலே அவர்களுக்குக் கைகொடுப்பது ஹாம்பர்க் துறைமுகத்தின் பிரயாணிகள் ஜாபிதா. 1850 முதல் 1934 வரையிலுள்ள அந்த ஜாபிதா பெரும்பாலும் அழியாமல் இருக்கின்றது; ஏறியவன் எந்த ஊரான் என்பதையும் அது கூறும். அதற்கு அயலிலுள்ள பிரேமன் துறைமுகத்தின் கதையோ வேறு. அங்கே பழைய ஜாபிதாக்களை வைக்க இடமில்லை என்று அதிகாரிகளே அழித்துவிட்டனர். எஞ்சியவற்றிலும் பெரும்பகுதி யுத்தத்தில் மறைந்தது. ஒரே நாட்டினின்று ஒரே காலத்தில் புறப்பட்ட இருவருள், ஹாம்பர்க்கில் ஏறியவனுடைய பேரனுக்கு ஊர் கிடைக்கின்றது. பிரேமனில் ஏறியவனுடைய பேரனுக்கு அவ்வழி அடைபட்டுப்போயிற்று. வேற்றுமை யாது? ஓரிடத்தில் காகிதத்தைக் காத்தார்கள்; மற்றோரிடத்தில் காக்கவில்லை. அவ்வளவே.

நம்மிடத்திலே கப்பல் ஜாபிதா இல்லை. மாட்டுவண்டிக்கு யார் ஜாபிதா எழுதினார்? ஆயினும் வேறு சாதனங்கள் உண்டு. அவற்றை வரிசையாகக் கூறுவோம்.

முதலாவது, வீட்டிலுள்ள முதியோர், விசேஷமாகப் பாட்டிமார். பத்திரங்களிலே ஆடவர் பெயரே நிறைந்திருக்கும். ஆயினும் எந்த வீட்டிலிருந்து பெண் வந்தது, எந்த வீட்டிற்குப் பெண் போயிற்று என்பதை மறவாதிருப்பவர் அவர்களே. அத்தை, சித்தி, மதினி என்ற முறைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு எழுதினால், நாலு தலைமுறை ஒரு பிற்பகலிலே வெளிப்பட்டுவிடும். பிறகு பழைய கல்யாணப் பத்திரிகைகளையும் மொய் ஏடுகளையும் நோக்குங்கள். மொய் ஏட்டிலே பெயரோடு ஊரும் இருக்கும். ஐந்து ரூபாய் மொய் எழுதிய ஒரு தூரத்து ஊரார், மறந்துபோன பங்காளியாக இருத்தல் கூடும்.

இரண்டாவது, குலதெய்வம். ஊர் மாறினாலும் தொழில் மாறினாலும் குலதெய்வம் மாறுவதில்லை. பங்குனி உத்திரத்தன்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெற்கே சாஸ்தா கோயில்களுக்குச் செல்வதை நாம் காண்கிறோமன்றோ? அக்கோயில் இருக்குமிடமே முன்னோர் ஊருக்கு அண்மையிலுள்ள அடையாளம். சிவகாசியிலே பிறந்த ஒருவருக்குக் கற்குவேல் என்று பெயரிருந்தால், திருச்செந்தூரை அடுத்த தேரிக்குடியிருப்பிலுள்ள கற்குவேல் ஐயனாரை நோக்கி அப்பெயரே விரல் நீட்டுகின்றது. அருஞ்சுனை என்ற பெயரும் அவ்வாறே அருஞ்சுனை காத்த ஐயனாரைச் சுட்டும். சில குடும்பத்தார் அங்கிருந்து பிடிமண் கொணர்ந்து இங்கே கோயில் எடுத்திருப்பர். பிடிமண் எவ்வூரது என்று பூசாரியையும் பெரியோரையும் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, மகமைக் கணக்கும் கடைக் கணக்கும். இன்னார் இத்தனை மூட்டைக்கு இவ்வளவு செலுத்தினார் என்னும் ஒரு வரி, அவர் அந்நாளில் அவ்வூரில் இருந்தார் என்பதற்குச் சாட்சி. ஆனால் இவற்றைப் படிப்பதற்குச் சிறிது பயிற்சி வேண்டும். ௵ என்றால் வருஷம், ௴ என்றால் மாதம், ௳ என்றால் தேதி. வருஷப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவன. "விகாரி" என்று எழுதியிருந்தால் அது 1839-ஆகவும் இருக்கலாம், 1899-ஆகவும் இருக்கலாம், 1959-ஆகவும் இருக்கலாம். ஏட்டின் ஏனைய செய்திகளைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். தெற்கத்திப் பத்திரங்களிலே கொல்லம் ஆண்டு காணப்படும். அது ஆவணி மாதத்தில் தொடங்குவது. கொல்லம் 1000 என்பது ஆங்கில ஆண்டு 1824-1825 ஆகும். இதை அறியாதவர் ஆயிரம் ஆண்டுப் பழமை என்று மயங்குவர்!

நான்காவது, சர்க்கார் ஆதாரங்கள். 1865 முதல் நம் மாகாணத்திலே பத்திரப் பதிவு முறையாக நடந்து வந்தது. 1899-இல் பிறப்பு இறப்புப் பதிவுக்கெனச் சென்னை மாகாணச் சட்டம் ஏற்பட்டது. சென்னை எழும்பூரிலே தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கின்றது. எனினும் தேடுவோர் ஒன்றை மறத்தலாகாது. ஊர் நகரவில்லை, ஜில்லாதான் நகர்ந்துகொண்டே இருந்தது. சிவகாசியும் விருதுபட்டியும் 1910 வரையில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்தன. அவ்வாண்டில் இராமநாதபுரம் ஜில்லா உண்டானபோது அதனுட் சென்றன. 1985-இல் விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட தனி மாவட்டமாயின. 1923-இலேதான் விருதுபட்டி விருதுநகர் ஆயிற்று. முன்னோரின் தேரிக்காட்டு ஊர்களோ 1986 முதல் தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கின்றன. ஆகவே "திருநெல்வேலி ஜில்லா" என்று ஒரு பழைய பத்திரம் கூறினால், அது திருச்செந்தூர்ப் பக்கமாகவும் இருக்கலாம், இதே சிவகாசியாகவும் இருக்கலாம்.

மற்றொன்றும் உண்டு. 1921-க்கு முற்பட்ட சர்க்கார் ஏடுகளிலே நம் சமூகத்தின் பெயர் இன்றைய பெயராக இராது. பழைய பெயரைக் கண்டவுடன் மனம் நொந்து ஏட்டை மூடிவிடும் இளைஞர் உண்டு. மூடாதீர்கள். அந்தப் பெயரால் அழைக்கப்பட்டுக்கொண்டே வண்டி ஓட்டியவர்தாம் நம் பாட்டனார். அப்பெயரின் கீழேதான் அவர் கிடைப்பார்.

ஐந்தாவது, கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவிய கிளைக் குடும்பங்களின் ஞானஸ்நான ஏடுகள். 1799-இல் தோன்றிய முதலூர் முதலாகத் தெற்கே பல கிறிஸ்தவக் கிராமங்கள் ஏற்பட்டன. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து 1838-இல் அங்கேயே காலஞ்சென்ற ரேனியஸ் என்பவர் ஒரு ஜெர்மானியரே. தம் தேசத்திலே கோயில்தோறும் ஏடு எழுதும் வழக்கத்தில் வளர்ந்தவர்கள் இங்கும் ஊழியம் புரிந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. மதம் பிரிந்தாலும் பாட்டன் ஒருவனே யாதலால், ஒரு கிளையின் ஏடு மறுகிளைக்கும் விளக்காகும்.

கடல் கடந்து போனவரையும் மறத்தலாகாது. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்றோர் 1,52,184 பேர். அவர்களுடைய கப்பல் ஜாபிதாக்களிலே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடலிலுள்ள அடையாளம் எல்லாம் குறிக்கப்பட்டன. அவர்களுடைய வழித்தோன்றல்கள் கையில் ஓர் ஊர்ப் பெயரோடு இங்கே வந்து, "எங்கள் உறவினர் யார்?" என்று கேட்கின்றனர். அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்; இங்கே விடை சொல்ல நம்மிடம் என்ன இருக்கின்றது?

இனி எம் குற்றத்தை ஒளியாமல் கூறுவோம். எம் வீட்டு மச்சில் ஒரு மரப்பெட்டி இருந்தது. பாட்டனார் காலத்துக் கணக்கேடுகள் அதில் இருந்தன. கரையான் பிடிக்கிறது என்று, வீட்டுக்கு வெள்ளையடித்த ஓராண்டிலே, எம் இளமையில், நாமே அவற்றைத் தூக்கிப் பழைய காகிதக்காரரிடம் நிறுத்துக் கொடுத்தோம். அக்காகிதம் எங்கே போயிற்று? நம் பக்கத்துப் பழைய காகிதம் எங்கே போகுமோ அங்கேதான். வெடிக்குக் குழல் சுருட்டப் போயிற்று. எவர் வீட்டுத் தீபாவளியிலோ எம் பாட்டனார் கையெழுத்து வெடித்துச் சிதறியிருக்கும். தேசமெங்கும் நாட்காட்டி அச்சிட்டு அனுப்பும் சீமையிலே, நம் வீட்டு நாட்கணக்கை நாமே தீயில் இட்டோம். பிரேமன் அதிகாரிகளை நாம் எந்த வாயால் குறை கூறுவது?

சிறுமியின் வினாவுக்குப் பின்பு எம் அத்தையாரிடம் சென்றோம். அவர், "நம் வீட்டில் தலைமுறைக்கு ஒருவருக்குக் கற்குவேல் என்று பேர் வைப்பது வழக்கம்" என்றார். அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு பங்குனி உத்திரத்தன்று தெற்கே சென்றோம். அங்கே தற்செயலாகச் சந்தித்த ஒரு முதியவர், தம் வீட்டுப் பழைய வரி ஏட்டைப் பிறகு காட்டினார். பல பெயர்களுக்கு நடுவே எம் பாட்டனாருடைய தந்தையின் பெயரும், அவர் தந்தையின் பெயரும், பக்கத்திலே "விருதுபட்டி" என்ற சொல்லும் இருந்தன. ஒரு தலைமுறைதான் கூடியது. அதற்கப்பால் இன்னும் இருளே. ஆயினும் அந்த ஒரு பெயரை வாசித்தபோது எமக்கு உண்டான உணர்ச்சியை இச்சபையிலே சொல்ல வார்த்தையில்லை. அவர் அரசரல்லர், அப்பெயருக்கு எதிரே எழுதியிருந்த வரி சில அணாக்கள். அதையும் அவர் பாக்கியின்றிக் கொடுத்திருந்தார்.

இதனைக் கூறுவதற்குக் காரணமுண்டு. கோயில் வாசலும் பொது வீதியும் நம்மவர்க்கு மறுக்கப்பட்ட காலத்திலே, நாமும் அரச வமிசத்தாரே என்று நூல்கள் எழுந்தன. அந்நாளில் மானத்தைக் காக்க அவை வேண்டியிருந்தன. அவற்றை எழுதியவரை நாம் இகழோம். ஆனால் இன்று தம் வீட்டு வமிசாவளி எழுதப் புகுவோர், ஆதாரமில்லாத இடத்தைப் பாண்டியரைக் கொண்டு நிரப்புதல் வேண்டாம். தெரியாத இடத்தை வெறுமையாகவே விடுங்கள். பின்வருவோர் ஒருவர் உண்மையான பெயரை அவ்விடத்தில் எழுத இயலும். பொய்ப்பெயர் அமர்ந்துவிட்ட இடத்தில் மெய்ப்பெயர் ஏற இடமேது?

முடிவாக மூன்று வேண்டுகோள். அடுத்த பங்குனி உத்திரத்திற்குள் ஒவ்வொரு குடும்பமும் தந்தை வழியிலும் தாய் வழியிலும் தெரிந்த பெயர், ஊர், குலதெய்வம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி உறவின்முறையில் சேர்ப்பித்தல் வேண்டும். பழைய ஏடு எதையும் நிறுத்துக் கொடுக்குமுன் அதன் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியிலேனும் படமெடுத்து வைத்தல் வேண்டும். வீட்டிலே எண்பது கடந்த பாட்டி ஒருவர் இருப்பின், இன்று இரவு வீடு திரும்பியதும் அவர் அருகே அமர்ந்து, அவருடைய பாட்டியின் பெயரைக் கேட்டல் வேண்டும். முதலிரண்டையும் நாளைக்கு ஒத்திப் போடலாம். மூன்றாவதை ஒத்திப் போடுதல் ஆகாது.