எந்த அறிவுக்கு விலை உண்டு?

 

தெரிந்ததை இணையத்தில் விற்கலாமா என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். விற்கலாம். எதை விற்பது என்பதுதான் கேள்வி.

ஒரு பொருளுக்கு ஹலால் சான்று உண்டா என்பதை ஜாக்கிம் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதற்கு யாரும் காசு தரமாட்டார்கள். ஆனால் சான்றுக்கு விண்ணப்பிக்கும் கடைக்காரர், தம் சமையற்கட்டில் எதை மாற்ற வேண்டும் என்று சொல்பவருக்குத் தருவார். 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கிய இ-இன்வாய்ஸும் அப்படித்தான். வருமான வரி வாரியத்தின் வழிகாட்டி இலவசம்; "என் கடைக்கு எப்படி?" என்று கேட்கத்தான் ஆள் தேடுகிறோம்.

நானே ஒருமுறை விசாரிக்காமல் ஒரு நிறுவனத்துக்குக் கடனுக்குச் சரக்கு அனுப்பினேன். பணம் வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, அந்த நிறுவனம் முன்பே கலைக்கப்பட்டிருந்தது. எஸ்.எஸ்.எம். என்னும் நிறுவன ஆணையத்தின் தளத்தில் சிறு கட்டணம் கட்டியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். இப்போது அதைப் பார்க்காமல் சரக்கு ஏற்றுவதில்லை.

நஷ்டத்தைத் தடுக்கும் பதிலுக்கு, சொன்னவர் பொறுப்பேற்றால், மக்கள் பணம் தருவார்கள். கடையில் நம் முன்னோர் வாக்குக்கு இருந்த மதிப்பும் அதுதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். தெரிந்ததற்குக் கூலி கேட்கக் கூச்சப்படாதீர்கள். புதிதாகக் கடை வைக்கும் நம் பிள்ளைக்கு மட்டும் முதல் ஆலோசனை இலவசமாக இருக்கட்டும்.