துப்பாக்கிச் சட்டத்தின் செலவுக் கணக்கு



ஒரு சட்டத்துக்கு என்ன விலை என்று கேட்பது நம் மேடைகளில் வழக்கமில்லை. தண்டனையைக் கூட்டு, புதுச் சட்டம் போடு என்று நாமும்தான் முழக்கம் போட்டிருக்கிறோம். நானும் போட்டிருக்கிறேன். அதனால் என்னையும் சேர்த்தே கேட்கிறேன்.

2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தினார்கள். கல்யாணத்திலும் கோயில் விழாவிலும் கொண்டாட்டத்துக்குத் துப்பாக்கி சுடுவது புதிய குற்றமானது. வடக்கே மாப்பிள்ளை ஊர்வலத்தில் குண்டு பாய்ந்து ஆட்கள் சாகிறார்கள். அந்தக் குற்றமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தண்டனையைப் பாருங்கள். அப்படிச் சுட்டு உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் அதிகபட்சம் 2 ஆண்டு. அதுகூட இல்லாமல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி கையில் இருந்தால், சுடவே வேண்டாம், குறைந்தபட்சம் 2 ஆண்டு, 5 ஆண்டு வரை போகும். நீதிபதி தனிக் காரணம் எழுதினால்தான் குறையும். பண்ணையார் மகனுக்கு எது கூரையோ அதுவே கூலிக்காரனுக்குத் தரை!

இதற்கு யார் வீட்டுக் காசு? அரசியல் சட்டத்தில் ஆயுதம் மத்தியப் பட்டியல். போலீசும் சிறையும் மாநிலப் பட்டியல். டில்லியில் கை தூக்கிச் சட்டம் போடுகிறவர் வேறு, ஏட்டுக்குச் சம்பளமும் கைதிக்குச் சோறும் போடுகிறவர் வேறு. துப்பாக்கி வழக்கு என்றால் எஃப்.ஐ.ஆர். மட்டுமா? தடய அறிவியல் கூடத்தில் சோதிக்கணும், உரிமம் இல்லாத வழக்கில் மாவட்ட ஆட்சியர் அனுமதி வாங்கணும், பிறகு வாய்தா வாய்தாவாக நடக்கணும். அதுவரை ஆள் எங்கே இருப்பான்? உள்ளேதான். 2022 கணக்கில் இந்தியச் சிறைகளில் முக்கால் பங்கு விசாரணைக் கைதிகள். மக்கள்தொகையில் 16.6 சதவீதம் நாம் (2011). சிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நாம்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு வழக்கம். சிறைத் தண்டனையைக் கூட்டும் மசோதா, துப்பாக்கிக் குற்றமானாலும் சரி, அதனால் ஆகும் சிறைச் செலவை எழுதி இணைத்தாக வேண்டும். கணக்குப் போடத் தகவல் இல்லையென்றால் குறைந்தது 50,000 டாலர் என்று எழுதுவார்கள். அதிலும் புருஷன் உள்ளே போனபின் அடமானம் போன அண்டா குண்டா வராது. ஆனாலும் வாக்கெடுப்புக்கு முன் ஒரு தொகை மேசை மேல் இருக்கிறது.

கடுமையான தண்டனை நம்மைக் காக்குமா? 1988இல் ஆயுதச் சட்டத்தில் 27(3) என்று ஒன்றைச் சேர்த்தார்கள். தடைசெய்யப்பட்ட ஆயுதத்தால் சாவு நேர்ந்தால் மரண தண்டனை, வேறு தண்டனையே கிடையாது. அது ஏட்டில் இருந்த காலத்தில்தான், 1997 டிசம்பர் 1 இரவு, பீகாரில் லட்சுமண்பூர் பாதே சேரிக்குள் ரன்வீர் சேனை துப்பாக்கியோடு நடந்து வந்தது. 58 பேர். 2010இல் 26 பேருக்குத் தண்டனை. 2013இல் பாட்னா உயர் நீதிமன்றம் 26 பேரையும் விடுவித்தது. இதற்கிடையில் 2012இல் 27(3) செல்லாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 24 ஆண்டு ஒரு விதி இருந்து போனது. பாதே மக்களுக்கு அதனால் என்ன கிடைத்தது?

புதுக் குற்றம் எதையும் உண்டாக்காத ஒரு விதி நம் கையிலேயே இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995, மூன்றாம் விதி. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று அடையாளம் கண்ட இடத்தில் மற்ற சாதியாரின் துப்பாக்கி உரிமத்தை ரத்து செய்யலாம், கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்யலாம், தேவையென்றால் நமக்கு உரிமம் தரலாம். நமக்குத் துப்பாக்கி வேணும் என்பதல்ல என் பேச்சு. முதல் பாதியை எத்தனை கலெக்டர் செய்திருக்கிறார்?

தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவுக்குப் பத்து ரூபாய். மாணவர்கள் மாவட்டத்துக்கு ஒருவராகப் பிரித்துக்கொள்ளுங்கள். 1995க்குப் பிறகு இந்த விதியில் ரத்தான உரிமங்கள் எத்தனை, யாருடையவை என்று கேளுங்கள். வருகிற பதிலை எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாங்க.