உச்சுக் கொட்டுவதும் ஓர் எழுத்துதான்



யாராவது துயரக் கதை சொன்னால் நாக்கை மேல்பல்லில் ஒட்டி இழுத்து உச்சுக் கொட்டுகிறோம். நமக்கு அது இரக்கத்தின் சத்தம், அவ்வளவுதான். தென்னாப்பிரிக்காவின் பழங்குடி மொழிகளில் அதுவே மெய்யெழுத்து. அங்கு போன ஐரோப்பியர்கள் அந்தப் பேச்சைக் கோழிக் கொக்கரிப்பு என்று எழுதிவைத்தார்கள்.

1928இல் ஒரு ஜெர்மானியர், அந்த மக்களின் உடலமைப்பைப் பார்த்து, எல்லோரையும் ‘கோய்சான்’ என்று ஒரே பெயரில் அடைத்தார். பிறகு மொழிகளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று மொழியியலாளர் பலர் அதை ஒரே குடும்பமாக ஏற்பதில்லை. தென்பகுதியில் மட்டும் மூன்று தனிக் குடும்பங்கள் என்கிறார்கள். மறுபக்கம், பண்டு குடும்பத்தைச் சேர்ந்த கோசா மொழியும் சுலு மொழியும் அண்டை வீட்டுப் பழக்கத்தாலும் மண உறவாலும் அந்த ஒலிகளை எடுத்துக்கொண்டன. மண்டேலாவின் தாய்மொழி கோசா. யாரை இழிவாகப் பேசினார்களோ, அவர்களுடைய ஒலி மற்றவர் நாவிலும் குடியேறியது.

இதைப் பாளையங்கோட்டையில் ஏன் பேசுகிறேன்? நம் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வந்தது. ஆறு ஆண்டு கழித்து, 1862இல், தென்னாப்பிரிக்க மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் வெளியிடத் தொடங்கினார் பிளீக். இரண்டு பேருமே மொழிகளுக்கு உறவுமுறை தேடியவர்கள்.

கால்டுவெல் தம் நூலின் பின்னிணைப்பில் ஒரு கேள்வி எழுப்பினார்: பறையர்கள் திராவிடர்களா? திராவிடர்களே என்ற பக்கம்தான் அவர் நின்றார். தலைமுறை தலைமுறையாகத் தமிழைத் தவிர வேறு மொழி பேசாத மக்களைப் பற்றி இப்படிக் கேட்க வேண்டியிருந்ததே, அதுதான் சாதி. 1875 பதிப்பிலும் அந்தப் பகுதி இருந்தது. அவர் மறைந்த பின் வந்த 1913 பதிப்பில் அது நீக்கப்பட்டது. பல மறுபதிப்புகள் அந்த வெட்டுண்ட நூலையே பின்பற்றின. 2008இல் கவிதாசரண் 1875 பதிப்பை மறுபடி அச்சிட்ட பிறகுதான் நம்மில் பலர் அதைக் கண்ணால் கண்டோம். நம்மைப் பற்றிய பக்கங்களை நம்மைக் கேட்காமலே எழுதினார்கள், கேட்காமலே எடுத்தார்கள்.

பிளீக் 1870இல் வேறொரு காரியம் செய்தார். ஹாம் மொழி பேசிய சிறைக் கைதிகளைத் தம் வீட்டில் தங்கவைத்துக் கதை கேட்டார். அந்தப் பெயருக்கு முன்னால் ஒரு உச்சு ஒலி உண்டு; நம் எழுத்தில் அதற்கு இடமில்லை. ஆடு மாடு திருடியதாகத் தண்டிக்கப்பட்டவர்களே அங்கே ஆசிரியர்கள். அவரும் அவர் மைத்துனி லூசி லாயிடும் எழுதிய குறிப்பேடுகள் ஏறத்தாழ 12,000 பக்கம்.

2000ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்க அரசு தன் சின்னத்தில் ஹாம் மொழி வாசகத்தைப் பொறித்தது. அதை வாசிக்க அந்த மொழிக்காரர் ஒருவரும் மிஞ்சியிருக்கவில்லை. பேசியவர்கள் போன பின் வந்த மரியாதை அது.

மாணவர்களே, ‘சேரித் தமிழ்’ என்று கேலி செய்த பேச்சிலேயே 1992இல் பாமா ‘கருக்கு’ எழுதினார். உங்கள் ஆத்தாவும் பாட்டியும் நடவிலும் அறுப்பிலும், பிள்ளைப்பேற்றிலும் சாவு வீட்டிலும் புழங்கும் சொற்கள் எந்த அகராதியில் இருக்கின்றன? வெளியிலிருந்து ஒரு பிளீக் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்று இரவே ஒரு நோட்டை எடுங்கள். சொன்னவர் பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதுங்கள். நாளை எவரும் ஒரு பக்கத்தை நீக்கினால், அதன் படி நம் கையில் இருக்க வேண்டும்.