திரும்பி வந்தவர்களும் நம் ஊரும்

(பொன்விழாத் தொடக்க நாளன்று பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா மேடையில் சாமி கோபுரத்தைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றியும் பேசுவோம். ஆனால் அதற்குப் பணம் அனுப்பியவர்கள் ஊர் திரும்பியபோது நாம் அவர்களை எப்படி ஏற்றுக்கொண்டோம் என்பதையும் இன்று பேச வேண்டியிருக்கிறது.

நம் பங்குக்கும் வளைகுடாப் பயணத்துக்கும் ஏறத்தாழ ஒரே வயது. 1973-ல் எண்ணெய் விலை ஏறியபின் அரபு நாடுகளில் கட்டட வேலை பெருகிற்று. குமரி மாவட்டத்திலிருந்து கொத்தனார், தச்சர், வெல்டர் என்று போனார்கள். கடல்தொழிலாளரும் போனார்கள். அங்கே படகு அரபிக்காரருடையது, உழைப்பு நம்மவருடையது. பிடித்த மீனில் பங்குதான் கூலி. மீன்படாத மாதத்தில் காசும் கிடையாது. கடல் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டுச் சிறையில் கிடந்தவர்களும் உண்டு. இதையெல்லாம் அவர்கள் வீட்டுக்கு எழுதியதில்லை. பணத்தை மட்டும் அனுப்பினார்கள்.

அந்தப் பணம் ஓலைக்கூரைகளை மாற்றிற்று. பெண்பிள்ளைகளைத் தாதியர் படிப்புக்கு அனுப்பிற்று. சீதனத்தையும் ஏற்றிவிட்டது, அதை மறைப்பதற்கில்லை. இன்று நம் ஊர் வீடுகளுக்குச் சாந்து குழைப்பவர்கள் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த பிள்ளைகள். அவர்கள் எட்டுப் பேர் ஓர் அறையில் படுத்திருப்பதைக் கண்டு, தம் வீட்டு மின்விசிறியைக் கழற்றிக் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தவர் ஒருவர் நம்மிடையே இருக்கிறார். பதினேழு ஆண்டு துபாயில் அப்படிப் படுத்தவர் அவர்.

பணத்தைவிட, திரும்பிய மனிதர் கொண்டுவரும் பழக்கம்தான் ஊரை ஆழமாக மாற்றுகிறது. ஆனால் ஊருக்குப் பணம் வேண்டும், பழக்கம் வேண்டாம்! கோபுரத்துக்கு வர்ணம் பூசியபோது, சவூதியில் சாரம் கட்டும் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர், "இடுப்புக் கயிறு இல்லாமல் ஆளை ஏற்றக்கூடாது" என்றார். கமிட்டியார் சிரித்தார்கள். "நம்ம ஊருக்கு இதெல்லாம் எதற்கு?" என்றார் ஒரு பெரியவர். "சாமி, அங்கே நம் உயிருக்கு இவ்வளவு மதிப்புக் கொடுத்தான், நம் ஊரிலே கொடுக்கக் கூடாதா?" என்று நம்மிடம் கேட்டார் அவர். கயிறு வாங்கினோம். வாங்க இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. அந்தக் கமிட்டியில் இன்றுவரை அவருக்கு இடமில்லை.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். கணவர் இல்லாத ஆண்டுகளில் வங்கிக்குப் போனவள் மனைவி. கொத்தனாரிடம் கணக்குக் கேட்டவளும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தவளும் அவளே. அவர் வந்ததும் சாவியைக் கேட்கிறார். "அவர் வந்து ஆறு மாதமாகிறது சாமி, இன்னும் விருந்தாளி மாதிரி முன்னறையிலேயே உட்கார்ந்திருக்கிறார்" என்றார் ஒரு சகோதரி. குறையாகச் சொல்லவில்லை, கவலையாகச் சொன்னார். இதற்கு நம்மிடம் எளிய பதில் இல்லை.

பெட்டியோடு வருபவருக்கு வாசல் திறந்திருக்கிறது. வெறுங்கையோடு வருபவருக்கு? 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் ஜோர்தான் வழியாக விமானங்களில் திரும்பினார்கள். 2020-ல் கொரோனாக் காலத்தில் ஈரானில் மாதக்கணக்கில் தவித்த மீனவர்கள் உள்ளிட்ட 687 பேரை, பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் ஏற்றிவந்து, ஜூலை 1-ந் தேதி தூத்துக்குடியில் இறக்கியது. கப்பல் வந்த செய்தியைப் பத்திரிகைகள் எழுதின. அதன்பின் அவர்கள் வீடுகளில் நடந்ததை யாரும் எழுதவில்லை.

இங்கே நம் குற்றத்தைச் சொல்லியாக வேண்டும். நம் வரிப் பட்டியலில் 'வெளிநாட்டார்' என்று ஒரு தலைப்பு. அவர்களுக்கு இருமடங்கு வரி. 2021-ல் அந்தப் பட்டியலை வழக்கம்போல் திருப்பலி முடிவில் வாசித்தோம். முந்திய ஆண்டு கையில் ஒன்றுமில்லாமல் திரும்பியிருந்த ஒருவர் பெயரும், பாக்கித் தொகையும் அதில் இருந்தன. வாசித்தது நாமேதான். அடுத்த ஞாயிறு முதல் அவர் மதிலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றே பூசை கண்டார். நமக்கு அது கண்ணில்பட நான்கு மாதம் ஆயிற்று. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். "வரி தப்பில்லை சாமி, என் பிள்ளைகள் முன்னால் வாசித்ததுதான்..." என்று பாதியில் நிறுத்திவிட்டார். பின்பு மீண்டும் கடலுக்குப் போனார், இந்த முறை நம் கடலுக்கு. இப்போது உள்ளே வருகிறார். கடைசி வரிசையில்தான் நிற்கிறார்.

ஆகவே, கமிட்டியாருடன் பேசிச் சில ஏற்பாடுகள் செய்திருக்கிறோம். இவ்வாண்டு முதல் வரிப் பட்டியல் வாசிக்கப்படமாட்டாது. 'வெளிநாட்டார்' என்ற தலைப்பும் நீக்கப்பட்டுவிட்டது. பங்குப் பேரவையில் ஊர் திரும்பியவர்களுக்கென்று இரண்டு இடங்கள் ஒதுக்கியிருக்கிறோம். அவர்களைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம் வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் பள்ளி மண்டபத்தில் நடைபெறும். கையில் பெட்டியோடு வந்தவர்களும் இல்லாமல் வந்தவர்களும் வரலாம். மனைவிமாரையும் அழைத்து வாருங்கள். கணக்கு அவர்களிடம்தான் இருக்கிறது.