ஓட்டத்திற்குப் பாதை வகுத்தல்

சுண்ணாம்புப் பொடியும் ஊதலும் கையில் வைத்துக்கொண்டு காலம் கழித்த ஒரு டிரில் மாஸ்டருக்கு உலகப் போட்டிகளைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நேயர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். மரக்காணத்துப் பக்கம் உப்பளத் தொழிலாளரின் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றில் நெடுங்காலம் பணி செய்து ஓய்வு பெற்றவன் நான். இப்பொழுது பெரிய முதலியார்சாவடியில் குடியிருக்கிறேன். உலகப் போட்டி எதையும் நான் நடத்தியதில்லை. ஆனால் பாதை போட்டிருக்கிறேன், பிழையும் செய்திருக்கிறேன். அந்த இரண்டையும் நம்பித்தான் பேச ஒப்புக்கொண்டேன்.

கிராஸ் கண்ட்ரி ஓட்டம் என்று பிள்ளைகள் சொல்லும் இப்பந்தயம் மைதானத்தில் நடப்பதன்று. சாலையில் நடப்பதும் அன்று. புல்வெளி, மேடு, பள்ளம், சேறு என்று நிலம் எப்படி இருக்கிறதோ அப்படியே அதன்மேல் ஓடுவது. நாடுகளுக்கிடையே முறையாக இது முதன்முதலில் நடந்தது 1903-ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஸ்காட்லாந்தில் ஹாமில்டன் என்ற ஊரின் குதிரைப் பந்தய மைதானத்தில். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் என்று நான்கே அணிகள். ஆல்பிரட் ஷ்ரப் என்ற ஆங்கிலேயர் வென்றார். நான்கு வருஷம் கழித்து பிரான்சு வந்து சேர்ந்தது. 1973-இல் பெல்ஜியத்தின் வாரெகெம் நகரில் நடந்தது முதல் அது உலகப் போட்டியாயிற்று. நம் நாட்டில் உலகப் போட்டி நடந்ததில்லை. ஆயினும் 2022 மார்ச்சில் நாகாலாந்தின் கோஹிமாவில் தேசியப் போட்டியும் தெற்காசியப் போட்டியும் ஒரே இடத்தில் நடந்தன. மலைநாட்டில் நடத்தியவர்கள் கடற்கரையிலும் ஒருநாள் நடத்தமாட்டார்களா என்ற ஆசை எனக்கு உண்டு.

இப்போட்டியில் உலக சாதனை என்று ஒன்று கிடையாது. ஒரு வருஷத்துப் பாதை மறுவருஷத்துப் பாதையைப் போல இராதாகையால், நேரத்தை ஒப்பிட்டுப் பயனில்லை. 2019-இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஓர் அருங்காட்சியகத்தின் புல் வேய்ந்த சரிவான கூரையின் மேலேயே ஏறி ஓடினார்கள். ஆகவே போட்டியை நடத்துகிறவர்களுக்கு முதல் வேலை நிலத்தைத் தேர்ந்தெடுப்பது. ஒரு நாட்டின் தடகளச் சம்மேளனம் இடத்தைக் காட்டி உலகச் சம்மேளனத்தை அணுக வேண்டும். அவர்கள் ஆளனுப்பிப் பார்ப்பார்கள். இசைந்தபின் உள்ளூரில் ஒரு குழு அமையும். இசைவு கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்ததென்று எண்ணிவிடக் கூடாது. 2024-ஆம் ஆண்டுப் போட்டி குரோஷியாவுக்கென்று தீர்மானமாகியிருந்தது. ஏற்பாடுகள் போதிய அளவு நடக்கவில்லை என்று 2023-இல் அவர்களிடமிருந்து அதை எடுத்து, செர்பியாவின் பெல்கிரேடு நகருக்குக் கொடுத்துவிட்டார்கள். கலியாணத்திற்கு நாள் குறித்தபின் சத்திரம் மாற்றுவது போன்ற காரியம் அது. பெல்கிரேடுக்காரர்கள் மார்ச் 30-ஆம் நாள் அதை நடத்திக் காட்டினார்கள்.

சரி, எங்கள் பக்கத்தில் பாதை போடுவதென்றால் எங்கே போடுவது? நான் காலையில் நடக்கும்போதெல்லாம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதுண்டு. கடற்கரை என்று உடனே தோன்றும். ஆனால் எங்கள் கரையை நம்ப முடியாது. புதுச்சேரித் துறைமுகத்திற்காக 1980-களின் இறுதியில் கடலுக்குள் கற்சுவர் கட்டியபின், தெற்கிலிருந்து வடக்கே கரையோடு நகரும் மணல் அங்கே தடைப்பட்டது. அதனால் வடக்கே உள்ள கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடிப் பக்கங்களில் கடல் கரையை அரித்துவிட்டது. இன்று இருக்கும் மணல் போட்டி நாளன்று இருக்கும் என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? உப்பளமோ பார்வைக்குச் சமவெளி. ஆனால் வரப்பின் மேல் ஒருவர்பின் ஒருவராகத்தான் போக முடியும், பாத்தியில் கால் வைத்தால் ஏழையின் உப்பு பாழாகும். மேற்கே ஏறினால் ஆரோவில் பக்கத்துச் செம்மண் மேடு. ஒரு காலத்தில் மழைநீர் அரித்து வெறும் கட்டாந்தரையாகக் கிடந்த அந்த மேட்டில், 1968-க்குப் பின் மரம் வைத்து வளர்த்தார்கள். 2008-இல் தொடங்கிய ஆரோவில் மாரத்தானும் அந்தக் காட்டு வழிகளில்தான் ஓடுகிறது. எனக்குக் கேட்டால் அந்த மேடுதான்.

ஆனால் காட்டு வழி மட்டும் போதாது. உலகப் போட்டிக்கான விதிகளில் பாதை சுற்றுப் பாதையாக இருக்க வேண்டும். ஒரு சுற்று 1500 மீட்டரிலிருந்து 2000 மீட்டருக்குள். பெரியவர்கள், ஆணாயினும் பெண்ணாயினும், ஓடுவது 10 கிலோமீட்டர். இருபது வயதுக்குட்பட்ட ஆண்கள் 8, பெண்கள் 6. 2017 முதல் ஆணும் பெண்ணும் கலந்த நால்வர் தொடரோட்டமும் உண்டு. தொடக்கத்தில் முதல் 300 மீட்டர் தூரத்திற்குக் குறுகலான இடமே இருக்கக் கூடாது. நூற்றுக்கு மேற்பட்டோர் ஒரே வெடியொலியில் பாய்ந்து வரும்போது வழி சுருங்கினால், முன்னால் விழுபவன் மேல் பின்னால் வருபவன் விழுவான். அவர்கள் காலணியின் ஆணியோ 25 மில்லிமீட்டர் வரை நீளமிருக்கலாம். எங்கள் ஊரில் முந்திரித் தோப்புக்கு நடுவே அவ்வளவு அகலமான இடம் தேடுவதுதான் பெரும்பாடு. தொடக்கக் கோட்டில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கும். அணியினர் அதனுள் ஒருவர்பின் ஒருவராக நிற்பார்கள். ஐந்து நிமிஷம், மூன்று நிமிஷம், ஒரு நிமிஷம் இருக்கையில் எச்சரிக்கை தருவார்கள்.

வெற்றியைக் கணக்கிடும் முறை எனக்கு மிகவும் பிடித்தமானது. ஓர் அணியில் ஆறு பேர் ஓடலாம். முதலில் வரும் நால்வரின் இடங்களைக் கூட்டுவார்கள். குறைந்த கூட்டுத்தொகை உள்ள அணி வென்றது. ஓர் அணியினர் 1, 2, 8, 31 என்று வந்தால் கூட்டுத்தொகை 42. இன்னோர் அணியினர் 6, 9, 11, 14 என்று வந்தால் 40. முதல் இரண்டு பதக்கங்களையும் வாங்கிய அணி தோற்றது. மேடைக்கே வராத நால்வரின் அணி ஜெயித்தது! இரண்டு அணிகளின் தொகை ஒன்றாக இருந்தால், யாருடைய நாலாவது ஆள் முன்னே வந்தான் என்று பார்ப்பார்கள். பத்திரிகையில் படம் வருவது முதல் ஆளுக்கு. கோப்பை இருப்பதோ நாலாவது ஆளின் காலில்.

இந்த நாலாவது ஆளைப் பற்றித்தான் நான் ஒன்று சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் அந்தச் செம்மண் மேட்டில் பள்ளிகளுக்கிடையே ஒரு போட்டி நடந்தது. பாதை இரண்டாகப் பிரியும் ஓரிடத்தில் என்னை நிறுத்தியிருந்தார்கள். விதிப்படி பாதையின் இருபுறமும் விடாமல் நாடா கட்டியிருக்க வேண்டும். எங்களிடம் இருந்த நாடா பாதித் தூரத்திற்குத்தான் வந்தது. மீதிக்குக் கழியும் மனிதனும். அந்த மனிதன் நான். கொஞ்ச தூரத்தில் தண்ணீர்ப் பானை அருகே இரண்டு பிள்ளைகள் சண்டையிடுவது கேட்டு, விலக்கிவிட்டு வரலாமென்று போனேன். பத்து நிமிஷம் இருக்காது. அதற்குள் ஆடு மேய்ந்து வந்த வழியில் ஒரு கழி சாய்ந்துவிட்டது. மூன்று பையன்கள் தவறான வழியில் இறங்கி, ஓடைப் பள்ளத்தில் வழி முடிந்துபோனதைக் கண்டு திரும்பி ஏறி வந்தார்கள். அவர்களில் ஒருவன் பதினோராவதாக ஓடிக்கொண்டிருந்தவன், பத்தொன்பதாவதாக வந்தான். அவன் பள்ளியின் நாலாவது ஆள் அவன். ஐந்து புள்ளியில் அந்தப் பள்ளி தோற்றது. கேடயம் எங்கள் பள்ளிக்கு வந்தது.

நான் அன்று வாய் திறக்கவில்லை. என் பிள்ளைகள் கேடயத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டு கூத்தாடினார்கள். அந்த நேரத்தில் சொல்ல மனம் வரவில்லை. மறுநாள் நடுவரிடம் போய்ச் சொன்னேன். முடிவை அறிவித்த முப்பது நிமிஷத்திற்குள் முறையீடு வர வேண்டும் என்பது விதி. இப்பொழுது ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். அவர் சொன்னது சரி. அந்தப் பையனின் வீட்டுக்குப் போனேன். அவன் "பரவாயில்லை சார்" என்றான். அவன் தகப்பனார் உப்பளத்தில் வேலை செய்பவர். அவர் அப்படிச் சொல்லவில்லை. "வரப்பு உடையற இடத்துல நிக்கச் சொன்னா, அங்கேயே நிக்கணும் சார்," என்றார். எனக்குப் பதில் இல்லை. போட்டியில் கலந்துகொள்ளும் பள்ளியின் ஆசிரியரைப் பாதைக் காவலுக்கு நிறுத்தக் கூடாது என்பதும், ஒரு பிரிவில் ஒருவரை மட்டும் நிறுத்தக் கூடாது என்பதும் அன்றிலிருந்து நான் எங்கே பாதை போட்டாலும் விடாமல் கடைப்பிடிப்பவை.

அந்தப் பெரியவரிடம் பின்னர் எனக்குப் பழக்கம் ஏற்பட்டது. வெப்பத்தைப் பற்றி நான் கற்றது புத்தகத்தில் பாதி, அவரிடம் பாதி. கடற்கரை நாட்டில் இப்போட்டி நடத்த நினைப்பவர்கள் முதலில் அஞ்ச வேண்டியது வெயிலுக்கு. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில், ஜூலை மாதக் கோடையில், 40 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் இப்பந்தயம் நடந்தது. புறப்பட்டவர்கள் 38 பேர். ஓடி முடித்தவர்கள் 15 பேர். பின்லாந்தின் பாவோ நூர்மி ஒன்றுமே நடவாதவர் போல வந்து வென்றார். மற்றவர்கள் வழியெங்கும் விழுந்து கிடந்தார்கள். அதற்குப் பின் ஒலிம்பிக்கில் இந்த ஓட்டம் இடம்பெறவே இல்லை. 2007-இல் கென்யாவின் மொம்பாசாவில், எங்கள் ஊரைப் போன்ற கடற்கரைப் புழுக்கத்தில், அதற்கு முன் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வென்றிருந்த எத்தியோப்பியாவின் கெனனிசா பெக்கலே கடைசிச் சுற்றில் ஓட்டத்தை விட்டு விலகினார். எரித்திரியாவின் செர்செனாய் டடேசே வென்றார்.

வெயிலைவிடப் புழுக்கம் பொல்லாதது. உப்பளத்துப் பெரியவர் சொன்னார்: மேல்காற்று வறண்டு வீசும் நாளில் பாத்தியில் உப்பு விரைவாகப் பூக்கும், கடற்காற்று ஈரமாக வீசும் நாளில் வெயில் எவ்வளவு அடித்தாலும் உப்பு இறங்காது. காற்றில் ஏற்கனவே நீர் நிறைந்திருந்தால் பாத்தியின் நீர் எப்படி ஆவியாகும்? ஓடுபவனின் வேர்வையும் அப்படித்தான். வேர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். வழிந்து ஓடினால் தாகம்தான் மிச்சம். இக்காலத்துப் போட்டிகளில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானியை நட்டு, வெயில், காற்று, ஈரம் மூன்றையும் சேர்த்து அளக்கிறார்கள். நான் உப்புப் பூக்காத நாளில் ஓட்டம் வைப்பதில்லை என்று எனக்குள் ஒரு விதி வைத்திருந்தேன். ஏறக்குறைய அதுவும் இதுவும் ஒன்றுதான்.

ஆகவே எங்கள் பக்கத்தில் என்றால் தை, மாசி மாதங்கள். அதுவும் விடிந்ததும் தொடங்கிவிட வேண்டும். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க உப்பளத்துக்காரர்கள் இருட்டிலேயே பாத்தியில் இறங்குவதை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றுக்கு ஒரு தடவை தண்ணீரும் நனைத்த பஞ்சும் கிடைக்க வேண்டும். முடிவுக் கோட்டருகே பனிக்கட்டி நீர் நிரப்பிய பெரிய தொட்டி இருக்க வேண்டும். வெப்பத்தால் மயங்கி விழுந்தவரை ஆம்புலன்சில் ஏற்றி அனுப்புவதற்கு முன் அந்தத் தொட்டியில் இறக்கிக் குளிர்விக்க வேண்டும். முதலில் குளிர்ச்சி, அப்புறம் ஆஸ்பத்திரி. தொட்டிக்குச் செலவு என்று கணக்குப் பார்க்கிற குழுவிடம் நான் ஒருபோதும் விட்டுக்கொடுத்ததில்லை. விருந்துச் சாப்பாட்டில் குறைத்துக்கொள்ளட்டும்.

முடிவுக் கோட்டைப் பற்றிச் சிறிது. இப்பொழுது ஒவ்வொருவரும் ஒரு சிறு மின்னணுச் சில்லை அணிந்து ஓடுகிறார்கள். கோட்டைத் தாண்டியதும் கருவி பெயரையும் நேரத்தையும் குறித்துவிடும். ஆனால் யார் முந்தினார் என்பதை உடலின் நடுப்பகுதி கோட்டைத் தொட்டதைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். சில்லு காலில் இருந்தால் காலை நீட்டியவன் முந்தியதாகிவிடுமல்லவா? ஆகவே கண்ணும் காமிராவும் இன்னும் வேண்டியிருக்கின்றன. ஒரே மூச்சில் இருபது பேர் வந்து சேரும்போது நாலாவது ஆள் எவன் என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. எங்கள் காலத்தில் வந்த வரிசையிலேயே கயிற்றுச் சந்து வழியாக அனுப்பி, கையில் எண் எழுதிய சீட்டைக் கொடுத்தோம். சீட்டைத் தொலைத்தவன் அழுவான்.

எல்லாம் முடிந்து விருந்தினர் ஊர் திரும்பிய பின்னும் பாதை போட்டவனுக்கு ஒரு நாள் வேலை இருக்கிறது. நட்ட கழிகளை எண்ணி எடுக்க வேண்டும். நாடாவைத் துண்டு விடாமல் சுருட்ட வேண்டும், மாடு தின்றால் செத்துப்போகும். கழி இருந்த குழிகளை மண்ணிட்டு மூட வேண்டும். அந்தப் பையன் இப்பொழுது நடுவயதுக்காரன். இந்த வேலைக்குக் கூப்பிட்டால் வருவான். போன முறை நாங்கள் இருவரும் குழி மூடிக்கொண்டே போய் அந்தப் பிரிவுக்கு வந்து சேர்ந்தபோது, "இங்கதான சார்?" என்று கேட்டுவிட்டு, அவனே கடைசிக் குழியை மிதித்து அடைத்தான்.