ஒரு வருடம் மூத்தவள்



நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். கல்லூரியைப் பற்றி இவள் என்ன பேசுவது என்று நினைப்பீர்கள். நியாயம்தான். ஆனாலும் நம் அலிப்பூரில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் எதிர்வீட்டுப் பெண் கல்லூரியில் சேர்ந்தாள். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். நாலாவது வாரம், "இனி போகமாட்டேன்" என்று படுத்துவிட்டாள். கட்டிய பணம் போச்சே என்று அப்பா திட்டினார். யாராவது ஏதாவது சொன்னார்களா என்று அம்மா கேட்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் சங்கடம். பாடம் ஆங்கிலத்தில் ஓடியது. எதை எழுதுவது, எதை விடுவது? ஆசிரியரிடம் கேட்க வெட்கம். வீட்டில் கேட்டால் யாருக்கும் தெரியாது.

அப்போது இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண் வீட்டுக்கே வந்தாள். மேதினிப்பூர் பக்கம் ஒரு கிராமத்துப் பெண். "போன வருடம் நானும் இப்படித்தான் அழுதேன்" என்றாள். தன் பழைய நோட்டுகளைக் கொடுத்தாள். உதவித்தொகைக்கு எந்த மனு, எங்கே கொடுப்பது என்று சொன்னாள். தேசிய நூலகத்துக்கும் கூட்டிப் போனாள்.

அந்த நூலகம் எங்கே இருக்கிறது? இங்கேதான், பெல்வெடியர் மாளிகைத் தோட்டத்தில். 1953 முதல் அங்கே எல்லாருக்கும் திறந்திருக்கிறது. உள்ளே தமிழ்ப் பிரிவும் உண்டு. வையாபுரிப் பிள்ளை என்ற தமிழறிஞர் சேர்த்து வைத்த நூல்கள் அங்கேதான் உள்ளன. அந்த மதில் ஓரமாகவே நடந்து வளர்ந்தவளுக்கு வாசலைக் காட்ட மேதினிப்பூரிலிருந்து ஒருத்தி வர வேண்டியிருந்தது!

உங்களில் சிலர் என்னிடம் எழுத்து கற்றீர்கள். பெரிய பேராசிரியர் வந்திருந்தால் 'ழ' எழுத வரவில்லை என்று சொல்லியிருப்பீர்களா? என்னிடம் சொன்னீர்கள். அதே கதைதான் இதுவும்.

சீனியர் என்றாலே பயமாக இருக்கிறதே என்கிறீர்கள். பயத்துக்குக் காரணம் உண்டு. 1996-இல் சிதம்பரத்தில் பொன் நாவரசு என்ற மருத்துவ மாணவரை மூத்த மாணவர் ஒருவரே கொன்றார். மறு வருடமே தமிழ்நாட்டில் ராகிங்குக்கு எதிராகச் சட்டம் வந்தது. 2023 ஆகஸ்டில், பக்கத்து ஜாதவ்பூரில் முதலாண்டு மாணவர் விடுதி மாடியிலிருந்து விழுந்து இறந்தார். ராகிங் என்று புகார் எழுந்தது. பலர் கைதானார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் போட்ட ராகிங் தடுப்பு விதிகளிலேயே ஒரு வழி இருக்கிறது. தாமாக முன்வரும் மூத்த மாணவர்களைத் துணையாக்க வேண்டும். ஆறு புது மாணவருக்கு ஒருவர். அவர்களுக்கும் மேலே ஒரு மூத்தவர் கவனிக்க வேண்டும். தனியாக விடுவதில்தான் ஆபத்து. எல்லாருக்கும் தெரிந்து ஒருவரைத் துணையாக வைத்தால் பிள்ளைக்குப் பலம்.

ஆகவே கல்லூரியில் சேர்க்கும்போது கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். "என் பிள்ளைக்கு எந்த மூத்த மாணவர் துணை?" என்றும் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. யாராவது துன்புறுத்தினால் 1800-180-5522 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். காசு கிடையாது. இரவிலும் எடுப்பார்கள்.

எதிர்வீட்டுப் பெண் இப்போது இரண்டாம் ஆண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு புதுப் பெண்கள் அவளிடம் வருகிறார்கள். டீ போட்டு மாளவில்லை என்று அவள் அம்மா அலுத்துக்கொள்கிறார். பால் மட்டும் கூடுதலாக வாங்கி வைக்கிறார்.