வழிகாட்டிக் கருவியும் நம் கண்ணும்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே, கிராணிமார்களே!

கைத்தொலைபேசி வழி சொல்கிறது, நல்லதுதான். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோள்களில் குறைந்தது 4 கோள்களின் குறிப்பைக் கொண்டு நாம் நிற்கும் இடத்தை அது கணக்கிடுகிறது. ஆனால் இடம் அறிவது வேறு, பாதை அறிவது வேறு. பாதை என்பது எவரோ வரைந்து வைத்த படம். நேற்றைய மழை அரித்த செம்மண் சாலையும், பால் லோரியின் பாரம் தாங்காத பலகைப் பாலமும் அதில் இல்லாதிருக்கலாம்.

இருட்டோடு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர் தோழர்களே! உங்களை நம்பிப் பல உயிர்கள் பின்னால் அமர்ந்திருக்கின்றன. திரையைவிடச் சாலையைப் பாருங்கள். ஐயம் வந்தால் வண்டியை நிறுத்தி, அவ்வூராரைக் கேளுங்கள்.

நிர்வாகத்துக்கும் ஒரு சொல்: பழுதான பாலத்தருகே எச்சரிக்கைப் பலகை நடுவது உங்கள் கடமை. அதைச் செய்யாமல், விபத்து நேர்ந்தபின் ஓட்டுநர் தலையில் பழியைக் கட்ட இடம் கொடோம்!